அவரேதான்

பாளையங்கோட்டையில் கோமதிநாயகம் மரியாதையான மனிதர். கல்லூரியில் முப்பது வருஷத்துக்கு மேல் இயற்பியல் நடத்தியவர். ஒளி எப்படி நிறம் பிரிகிறது என்று காட்ட வகுப்புக்குள் சோப்புக் குமிழி ஊதியவர் என்று பழைய மாணவர்கள் இன்னமும் சொல்வார்கள். மார்க்கெட் பக்கம் அவர் நடந்து போனால் நாலு பேராவது வண்டியை நிறுத்திக் கும்பிடுவார்கள். வீட்டுக்குள் அவர் எப்படி என்பது மனைவி செண்பகவல்லிக்கும் ஒரே மகள் ஆவுடைக்கும் மட்டும்தான் தெரியும்.

மனைவியை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. 'ஏட்டி' என்பார். கோபம் வந்துவிட்டால் கூப்பிடவே மாட்டார், கைதான் முதலில் வரும். ஆவுடைக்குப் பதினேழு வயதில் ஒரு நாள் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டு இருட்டிய பிறகு வீடு வந்தாள். இடுப்பு பெல்ட்டை உருவி அவர் அடித்த அடியில், தடுத்த கையின் சுண்டுவிரல் ஒடிந்தது. "குளிக்கப் போன இடத்துல வழுக்கி விழுந்துட்டா டாக்டர்" என்று சொன்னது செண்பகவல்லி. அப்படிச் சொல்ல அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அக்கம்பக்கத்தில், பிறந்த வீட்டில், மகளின் பள்ளிக்கூடத்தில் என்று எத்தனையோ இடத்தில் அவள் இப்படிச் சொல்லிப் பழகியிருந்தாள். விரல் கோணலாகவே கூடியது. படிப்பு முடிந்ததும் ஆவுடை ஓசூரில் வேலை தேடிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு தீபாவளிக்குக்கூட வரவில்லை.

கோமதிநாயகத்துக்கு நோய் வந்தது ஓய்வு பெற்ற மறு வருஷம். முதலில் வார்த்தைகள் தடுமாறின. பிறகு வாசல் எந்தப் பக்கம் என்பது குழம்பியது. மூளை ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டு வருகிறது என்றார் டாக்டர். அந்தக் காலத்தில் அதற்கு வைத்தியம் வந்துவிட்டிருந்தது. காய்ந்த பகுதியை எடுத்துவிட்டு, அதே வேலையைச் செய்கிற ஒரு மின்சில்லை அந்த இடத்தில் வைப்பார்கள். அடுத்த பகுதி காயும்போது அடுத்தது.

"மீன் தொட்டியில தண்ணி மாத்துவோம்லாம்மா, அந்த மாதிரிதான்" என்று டாக்டர் செண்பகவல்லிக்கு விளக்கினார். "ஒரேயடியா மாத்தினா மீன் செத்துரும். பாதி எடுத்து, பாதி ஊத்தி, கொஞ்சம் கொஞ்சமா மாத்தினா மீனுக்குத் தெரியவே தெரியாது."

மூன்று வருஷத்தில் எல்லாம் முடிந்தது. கோமதிநாயகத்தின் மண்டைக்குள் அவர் பிறந்தபோது இருந்தது எதுவும் இப்போது இல்லை. 'மாத்திக்கிட்டவங்க' என்று ஊரில் இப்படிப்பட்டவர்களைச் சொல்வார்கள். அவர் பழையபடி நடந்தார், பேப்பர் படித்தார், இருபது வருஷத்துக்கு முந்தைய மாணவனைப் பெயரோடும் மதிப்பெண்ணோடும் அடையாளம் சொன்னார். ஒன்றே ஒன்றுதான் திரும்பி வரவில்லை. எந்த ஆபரேஷனில் அது போனது என்று செண்பகவல்லிக்குச் சொல்லத் தெரியாது. ஒரு நாள் மத்தியானம் சாம்பாரில் உப்பு கூடிவிட்டது. ஒரு வாய் எடுத்து வைத்தவர் நிமிர்ந்து பார்த்தார். அவளுடைய கை தானாக எழுந்து முகத்தை மறைத்துக்கொண்டது.

"உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கு, செண்பகம்" என்றார் அவர். "மோர் இருந்தா ஊத்து."

அவள் அடுக்களைக்குள் போய், மோர்ச் சட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பயத்தில் அழுகிறாளா சந்தோஷத்திலா என்று அவளுக்கே தெரியவில்லை.

அதன்பிறகு இரண்டு வருஷம் அவள் நன்றாக இருந்தாள். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லக் கூசியது. சாரல் காலத்தில் அவர் அவளைக் குற்றாலத்துக்குக் கூட்டிப்போனார். அவளுக்கு முழங்கால் வலி என்பதால் அவரும் மெல்ல நடந்தார். கடையில் சேலை எடுக்கும்போது, "உனக்கு எது பிடிச்சிருக்கு?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். அறுபதை நெருங்கும் வயதில், தனக்கு எந்த நிறம் பிடிக்கும் என்பதை அவள் முதல்முறையாக யோசித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அவர்கள் வந்தார்கள்.

வானத்திலிருந்து வந்தவர்கள் மொத்தம் ஆறு. ஆறும் ஆறு இடத்தில் இறங்கின. நம் பக்கத்துக்கு என்று வந்தது, திருச்செந்தூருக்கு மேற்கே தேரிக்காட்டுச் செம்மணலில், கவிழ்த்துப் போட்ட தோணிபோல் உட்கார்ந்துகொண்டது. உள்ளேயிருந்து யாராவது இறங்கி வருவார்கள் என்று உலகமே டி.வி. முன்னால் காத்திருந்தது. யாரும் வரவில்லை. உள்ளே யாரும் இல்லை என்று அதுவே சொன்னது. அந்தத் தோணிதான் ஆள். இரும்பும் இன்னும் பெயர் தெரியாத என்னென்னவோ சேர்ந்து செய்த ஆள். அவர்களுக்கும் ஒரு காலத்தில் சதையும் ரத்தமும் இருந்ததாம். நோய்க்குப் பயந்து கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டார்களாம். ஒரு கட்டத்தில் பழையது எதுவும் மிச்சமில்லையாம்.

விஞ்ஞானிகள் ஒரு வருஷம் அதைக் கேள்வி கேட்டார்கள். அது பொறுமையாகப் பதில் சொன்னது. தனக்கும் ஒரு கேள்வி உண்டு என்றும், அதைக் கேட்கத்தான் இவ்வளவு தூரம் வந்தது என்றும் கடைசியில் சொன்னது.

அந்தக் கேள்விக்காகத்தான் ரெஹானா பேகம் பாளையங்கோட்டைக்கு வந்தாள். அரசாங்கம் அமைத்த குழுவில் அவள் ஒரு டாக்டர், சென்னைக்காரி, நாற்பது வயதிருக்கும். கோமதிநாயகம் அவளை உட்காரவைத்து, தானே காப்பி போட்டுக்கொண்டு வந்து கொடுத்தார்.

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருங்க. நான் தபாலாபீஸ் வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

ரெஹானா நேராக விஷயத்துக்கு வந்தாள். "உங்க வீட்டுக்காரர் முழுசா மாறினவர். நீங்க கொஞ்சம்கூட மாறாதவங்க. மாறுறதுக்கு முன்னாடியும் அப்புறமும் அவர்கூட ஒரே வீட்ல இருந்திருக்கீங்க. அப்படி ஒரு ஆளைத்தான் அது கேக்குது."

"அப்படி ஆளு வேற கெடைக்கலியா?"

"நீங்க நினைக்கிற அளவு இல்லம்மா. பெரிய ஊர்ல புருஷன் மாத்திக்கிட்டா அடுத்தாப்ல பொண்டாட்டியும் மாத்திக்கிறாங்க. இல்லன்னா பிரிஞ்சு போயிடுறாங்க. உங்களை மாதிரி கூடவே இருந்து பாத்தவங்க ரொம்பக் கம்மி."

"என்னத்தக் கேக்கும்?"

"ஒரே கேள்விதான். இவர் பழைய ஆள்தானா, இல்ல அந்த ஆள் போயி அவர் இடத்துல வேற ஒண்ணு வந்து உக்காந்திருக்கா?"

செண்பகவல்லி தன் கையிலிருந்த காப்பியைப் பார்த்தாள். "அத எங்கிட்ட எதுக்குக் கேக்கணும்? அவுககிட்டயே கேக்கலாமே."

"கேட்டாச்சு. மாத்திக்கிட்டவங்க எல்லாருமே 'நான்தான்'னுதான் சொல்றாங்க. அவங்க பொய் சொல்லல. உள்ளேருந்து பாத்தா அப்படித்தான் தெரியுது. வந்திருக்கிறவங்களுக்கும் அதுதான் பிரச்சினை. தங்களைத் தாங்களே கேட்டுக்கிட்டா 'நாங்கதான்'னு தோணுதாம். ஆனா அப்படித் தோணுறதை நம்பலாமான்னு தெரியலையாம். வெளியே நின்னு பாத்த ஒருத்தர் சொல்லணும்."

"இல்லைன்னு சொன்னா?"

ரெஹானா டம்ளரைக் கீழே வைத்தாள். "அவங்க என்ன செய்வாங்கன்னு தெரியாது. இங்க என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். இந்த நாட்டுல மாத்திக்கிட்டவங்க லட்சக்கணக்குல இருக்காங்க. அவங்க செத்தவங்களா உயிரோட இருக்கிறவங்களான்னு கோர்ட்ல கேஸ் நடக்குது. நீங்க சொல்றதை அந்த ஜட்ஜும் கேப்பார். அவங்க பேர்ல வீடு இருக்கலாமா, அவங்க கல்யாணம் செல்லுமா, யாராவது அவங்களை அடிச்சுப் போட்டா அது கொலையா, பொருள் சேதமா... எல்லாமே அதுல இருக்கு." பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "என்ன சொல்லணும்னு உங்களுக்குச் சொல்ல நான் வரல. அப்படிச் சொல்ல எனக்கு யோக்கியதையும் இல்ல. என் வீட்டுக்காரருக்கு ரெண்டாவது ஆபரேஷன் முடிஞ்சிருக்கு" என்றாள்.

அம்மா சாட்சி சொல்லப்போகிற செய்தி டி.வி.யில் வந்த மறுநாளே ஆவுடை ரயில் ஏறி வந்துவிட்டாள். பத்துப் பதினைந்து வருஷத்துக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் கால் வைக்கிறாள். வாசலிலேயே அப்பா எதிர்ப்பட்டார்.

"வாம்மா. ரயில்ல கூட்டமா? சாப்பிட்டியா?"

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு இடது கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இத உடைச்சது ஞாபகம் இருக்கா?"

"இருக்கு" என்றார் கோமதிநாயகம். "வெள்ளிக்கிழமை. நீ ஊதாக் கலர் தாவணி போட்டிருந்த. மூணாவது அடியில உடைஞ்சது. அதுக்கப்புறமும் ரெண்டு அடிச்சேன். தப்பு."

"அத நெனச்சா உங்களுக்கு என்ன செய்யுது?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார் என்பது முகத்தில் தெரிந்தது. "ஒண்ணும் செய்யல. வருத்தமா இருக்குன்னு சொன்னா உனக்கு ஆறுதலா இருக்குமா? இருக்கும்னா சொல்லுதேன்."

குரலில் குத்தல் இல்லை. மகளுக்குத் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பதுபோல்தான் கேட்டார். ஆவுடை நேரே அடுக்களைக்குள் வந்தாள்.

"அவரு செத்துட்டாரும்மா" என்றாள். "எந்த ஆபரேஷன்ல செத்தாருன்னுதான் தெரியல. ஒரு நாளு எங்கிட்ட வந்து நிப்பாரு, அழுவாரு, அப்ப மூஞ்சில அடிச்ச மாதிரி கதவச் சாத்தணும்னு இத்தன வருஷமா காத்துக்கிட்டிருந்தேன். இப்ப யாரு மூஞ்சில சாத்த?"

"மெதுவாப் பேசு, அவுகளுக்குக் கேக்கும்."

"கேக்கட்டும். கேட்டா என்ன, கோபமா வரப்போவுது?" ஆவுடை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ அங்க போயி உண்மையச் சொல்லணும். பழைய ஆளு எப்படின்னு சொல்லணும். அவரு வேற, இவரு வேறன்னு சொல்லணும். நமக்கு நடந்ததுக்கு வேற சாட்சி யாரு இருக்கா?"

செண்பகவல்லி வெண்டைக்காயை நறுக்கிக்கொண்டே இருந்தாள். "இப்ப ரெண்டு வருஷமா நான் நல்லா இருக்கேன்டி" என்றாள் கடைசியில், நிமிராமல்.

ஆவுடை சாப்பிடாமல் சாயங்கால ரயிலுக்கே கிளம்பிவிட்டாள்.

குறித்த நாளன்று கணவனையும் மனைவியையும் தேரிக்குக் காலையிலேயே கூட்டிப்போனார்கள். அப்போதே மணல் சுட ஆரம்பித்திருந்தது. சுற்றிலும் பனை, நடுவில் ரத்தச் சிவப்பாக மணல், அதன்மேல் சாம்பல் நிறத்தில் அந்தத் தோணி. கயிறு கட்டிய எல்லையில் கோமதிநாயகத்தை நிறுத்திவிட்டார்கள். மரத்தடியில் ரெஹானாவும் சில அதிகாரிகளும் நின்றார்கள். செண்பகவல்லிக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள்.

"வணக்கம்" என்றது அது. வானொலியில் செய்தி வாசிக்கிறவர் பேசுவதைப்போல் ஏற்ற இறக்கம் குறைவான தமிழ். "வெயில் உங்களுக்குத் தொந்தரவாக இருக்கிறதா?"

"பரவாயில்ல."

"மாறுவதற்கு முன் உங்கள் கணவர் எப்படிப்பட்டவராக இருந்தார்?"

இந்தக் கேள்வியை அவள் எதிர்பார்க்கவில்லை. ஒரு கேள்விதான் என்று சொல்லியிருந்தார்கள். ஆனால் அவள் யோசிப்பதற்குள் வாய் பதில் சொல்லிவிட்டது. எத்தனையோ பேருக்கு எத்தனையோ தடவை சொன்ன பதில்.

"நல்லவரு."

"மாறிய பிறகு?"

"நல்லவருதான்."

"இவர் அவர்தானா?"

"அவரேதான்" என்றாள் செண்பகவல்லி.

எழுந்துவிடலாமா என்று அவள் மரத்தடிப் பக்கம் பார்த்தாள்.

"உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்" என்றது அது. "எங்களுடைய இடத்திலும் கடைசிவரை மாறாமல் இருந்தவர்கள் சிலர் இருந்தார்கள். மாறியவர்களோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தவர்கள். அவர்களிடம் இதே கேள்வியைக் கேட்டார்கள். எல்லோரும் உங்களைப் போலவே பதில் சொன்னார்கள். அதை நம்பித்தான் மற்றவர்களும் மாறினார்கள். பிறகு அந்தச் சாட்சிகளும் மாறினார்கள். அவர்கள் சொன்னது உண்மைதானா என்ற சந்தேகம் எங்களுக்கு வந்தபோது, திரும்பிப் போய்க் கேட்பதற்கு மாறாதவர் ஒருவர்கூட இல்லை. அதனால்தான் இவ்வளவு தூரம் வந்தோம். உங்கள் பதிலை மாற்றிக்கொள்ள விரும்புகிறீர்களா?"

செண்பகவல்லி திரும்பிப் பார்த்தாள். கயிற்றுக்கு அப்பால் கோமதிநாயகம் குடையை விரித்திருந்தார். தன் தலைக்கு மேல் பிடிக்கவில்லை. பக்கத்தில் வெயிலில் நின்ற பெண் போலீஸுக்குப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் கூச்சப்பட்டு விலகினாள், அவரும் சிரித்துக்கொண்டே ஓரடி நகர்ந்து பிடித்தார். பழைய மனிதர் அந்தப் பெண்ணைப் பார்த்திருக்கவே மாட்டார். இவ்வளவு நேரம் தன்னை வெயிலில் நிற்கவைத்ததற்கு வீட்டுக்குப் போனதும் அவர் யாரிடம் கணக்குத் தீர்த்திருப்பார் என்று செண்பகவல்லிக்குத் தெரியும்.

"மாத்தல" என்றாள்.

"சரி. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்பதை மட்டும் சொல்ல முடியுமா? பொய்யா, மெய்யா என்று நான் கேட்கவில்லை."

அவள் மரத்தடியில் நின்றவர்களுக்குக் கேட்காதபடி முன்னால் குனிந்தாள். "அவுக இல்லைன்னு சொல்லிட்டா, இப்ப நான் யாருகூட வீட்டுக்குப் போறது? அதோட... வேற ஆளுன்னு சொன்னா, அந்த ஆளு என்ன செஞ்சாருன்னு சொல்லணும்லா. பெத்த அம்மைகிட்டகூட நான் சொன்னதில்ல. இந்தப் பொட்டல்ல வந்து ஒங்கிட்டச் சொல்லணுமா?"

"புரிகிறது" என்றது அது. "அங்கேயும் இப்படித்தான் இருந்திருக்கும்."

அந்த மழைக்காலத்தில் ஆறும் கிளம்பிப் போயின. எங்கே போயின, என்ன முடிவோடு போயின என்று யாருக்கும் தெரியவில்லை. கோர்ட்டில் தீர்ப்பு வந்தது. கட்டிய மனைவியே அடையாளம் சொன்ன பிறகு சட்டம் வேறு என்ன சொல்ல முடியும் என்று எழுதியிருந்தார் நீதிபதி. நரம்பு ஆஸ்பத்திரிகளில், ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் அறையில், செண்பகவல்லியின் படத்தை மாட்டி அதன் கீழே 'அவரேதான்' என்று பெரிய எழுத்தில் போட்டார்கள். பயந்துகொண்டிருந்தவர்களெல்லாம் தைரியமாகப் போனார்கள். நோய் வராதவர்கள்கூட, வருவதற்கு முன்பே மாற்றிக்கொண்டால் என்ன என்று கேட்க ஆரம்பித்தார்கள். ரெஹானா ஒரு தடவை போன் செய்து, தன் கணவருக்கு எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது என்றாள். "சந்தோஷம்மா" என்றாள் செண்பகவல்லி. மறுமுனையில் ரெஹானா ஏதோ கேட்க வந்து, கேட்காமல் வைத்துவிட்டாள்.

ஆவுடை பேசுவதை நிறுத்தியிருந்தாள். அம்மாவின் நம்பர் வந்தால் எடுக்கமாட்டாள். ஐந்து வருஷம் இப்படியே போனது. பிறகு ஒரு நாள் அவளே வந்து வாசலில் நின்றாள். மெலிந்திருந்தாள். கோமதிநாயகம் வெளியே போயிருந்தார்.

"குடிக்கக் குடும்மா" என்றவள், தண்ணீர் வந்ததும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள். "இதுக்கு என்ன பேரு? காலையிலேர்ந்து யோசிச்சுக்கிட்டு வாரேன். ரயில்லயும் கேட்டுக் குடிச்சேன், கையக் காட்டித்தான் கேட்டேன்."

செண்பகவல்லி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அப்பாவின் நோய் பிள்ளைக்கும் வரலாம் என்று டாக்டர் எப்போதோ சொல்லியிருந்தார். அவள் அதை மனதுக்குள் விட்டதே இல்லை.

ஆவுடையும் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "டாக்டர் உடனே ஆரம்பிக்கணும்கிறாரு. அந்த ஆஸ்பத்திரியில ஓம் படத்துக்குக் கீழதான் உக்காந்திருந்தேன். ஊருக்கெல்லாம் சொன்ன. இப்ப எனக்குச் சொல்லு. நம்ம வீட்ல இருக்கது அப்பாவா?"

பொய் சொல்லிப் பழகிய வாய்க்கு இந்தத் தடவை பொய் வரவில்லை. செண்பகவல்லி மகளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல" என்றாள். "அவுக இல்ல. அவுக எப்பவோ போயிட்டாவ. எனக்கு முதல்லயே தெரியும். வேண்டாம்டி. நீ அத வச்சுக்காத. நான் ஒன்னக் கடைசி வரைக்கும் பாத்துக்கிடுதேன். நீ என்ன மறந்தாலும் நான் ஒன்னப் பாத்துக்கிடுதேன்."

ஆவுடை சிரித்தாள். சிரிப்போடு கண்ணில் தண்ணீர் வந்தது. "தெரியும்மா. எனக்கும் தெரியும். நீ சொல்லணும்னுதான் கேட்டேன்." அப்புறம் அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். "ஆனா சாவுறதுக்குப் பயமா இருக்கு. ஒவ்வொரு வார்த்தையா போவுது. ஒவ்வொண்ணு போகும்போதும் தெரியுது. என்னால முடியல. நான் கையெழுத்துப் போட்டுட்டேன்."

செண்பகவல்லி மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். அந்தத் தலைக்குள் இருப்பதுதான் தன் பிள்ளை என்று அன்றைக்குச் சொல்ல முடிந்தது.

"ஒண்ணு மட்டும் கேளு" என்றாள் ஆவுடை. "மாறின பெறகு நான் இங்க வருவேன். அவருகூட நல்லாப் பேசுவேன், சிரிச்சுப் பேசுவேன். அத நம்பாத. நான் அவர மன்னிக்கல. கேட்டியா? நான் மன்னிக்கல."

"கேட்டேன்" என்றாள் செண்பகவல்லி.

ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் அவள் போனாள். ஒவ்வொரு தடவையும் மகள் கண்ணைத் திறந்ததும், "அப்பா மேல கோபம் இருக்கா?" என்று கேட்டாள். நர்ஸுகள் இதென்ன கேள்வி என்று பார்த்தார்கள். முதல் தடவை, "இருக்காதா பின்ன?" என்றாள் ஆவுடை. அடுத்த தடவையும் இருந்தது. அதற்கடுத்த தடவை ஆவுடை கொஞ்சம் யோசித்துவிட்டு, "எதுக்கும்மா?" என்று கேட்டாள்.

எல்லாம் முடிந்ததும் ஆவுடை ஓசூர் வேலையை விட்டுவிட்டுப் பாளையங்கோட்டைக்கே வந்துவிட்டாள். வந்தவள் அம்மாவை உட்காரவைத்து எல்லா வேலையும் தானே செய்தாள். சாயங்காலம் அப்பாவோடு கேரம் ஆடினாள். இருவரும் ஒரே குறியாகக் காய் தள்ளுவார்கள், யார் தோற்றாலும் சிரிப்பார்கள். எதிர்வீட்டு இசக்கியம்மாள், "ஒங்க வீட்டப் பாத்தா கண்ணு நெறைஞ்சு போவுதுக்கா. அப்பாவும் மகளும் இப்படி ஒத்துமையா நான் எங்கயும் பாத்ததில்ல" என்றாள். முன்பு அந்த வீட்டிலிருந்து வந்த சத்தங்கள் அவளுக்கும் கேட்டிருக்கும். செண்பகவல்லி சிரிக்க முயன்றாள், வரவில்லை.

தனக்கு என்ன ஆயிற்று என்று அவளுக்கே புரியவில்லை. தனக்காக ஒரு நாளும் வராத கோபம் இப்போது வந்துகொண்டே இருந்தது. அவர் அன்பாக 'செண்பகம்' என்று கூப்பிட்டாலே உடம்பு எரிந்தது. அவர் எடுத்துக் கொடுத்த சேலைகளை இசக்கியம்மாளுக்குத் தூக்கிக் கொடுத்தாள். குற்றாலத்துக்குப் போகலாமா என்று அவர் கேட்டதற்கு, "எங்கூடப் பேசாதீங்க" என்றாள். அவர் சரி என்று சொல்லிவிட்டு அவளுக்கு விசிறியை எடுத்து வைத்துவிட்டுப் போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா ஏதோ சொல்ல, ஆவுடை புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். செண்பகவல்லி சோற்றில் இருந்த கையை எடுத்தாள்.

"நான் ஒண்ணு சொல்லணும்" என்றாள்.

சொல்ல ஆரம்பித்தாள். கல்யாணமான முதல் மாதத்தில் விழுந்த முதல் அடியைச் சொன்னாள். நிறைமாதமாக இருந்தபோது மொட்டை மாடியில் வைத்துப் பூட்டியதைச் சொன்னாள். தன் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தந்தி வந்தபோது பிறந்த வீட்டுக்கு அனுப்பாததைச் சொன்னாள். பெல்ட்டைச் சொன்னாள். டாக்டரிடம் தான் சொன்ன பொய்யைச் சொன்னாள். ஒருவருக்கும் சொல்லாதது எல்லாவற்றையும், தேரிக்காட்டு வெயிலில் சொல்லாமல் வந்ததையும் சேர்த்து, குரல் நடுங்க, மூக்கு ஒழுக, எச்சில் கை காய்ந்து போகிறவரை சொன்னாள். அவர்கள் இருவரும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, அவள் முகத்தைப் பார்த்து மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கோமதிநாயகம் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். எதையும் மறுக்கவில்லை.

"மாடியில பூட்டினது செவ்வாய்க்கிழமை இல்ல, செண்பகம். புதன்கிழமை" என்றார் ஓரிடத்தில்.

"அந்த பெல்ட் கறுப்பு இல்லம்மா, பழுப்பு" என்றாள் ஆவுடை இன்னோரிடத்தில், மிக மென்மையாக.

செண்பகவல்லி நிறுத்தினாள். மூச்சு வாங்கியது. ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்த்தாள். இரண்டிலும் ஒரே மாதிரி அக்கறை இருந்தது. ஆவுடை எழுந்து வந்து அம்மாவின் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

"வேற ஏதாவது விட்டுப்போச்சா?" என்று கேட்டார் கோமதிநாயகம். "அவசரமில்ல, நிதானமாச் சொல்லு. நாங்க கேக்கோம்."

"இருக்கு" என்றாள் அவள். முகத்தைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, மறுபடியும் முதல் மாதத்திலிருந்து ஆரம்பித்தாள்.